மரவீடும் மலைவனமும் — ஷெனண்டோவாக் குடியகற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் புளூ றிட்ஜ் என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்குச் சரிவிலே, ஹியூஸ் ஆறு பாயும் நிக்கல்சன் பள்ளத்தாக்கில், மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டப்பட்ட சிறு வீடொன்று இன்றும் நிலைத்துள்ளது. மலைமுகட்டின் வழியே செல்லும் தெருவில் வாகனத்தை நிறுத்திவிட்டு, ஏறத்தாழ ஒன்றரை மைல் தூரம் காட்டுப்பாதையில் இறங்கிச் சென்று அதனை அடையலாம். அங்கு மின்சாரமில்லை, குழாய்நீருமில்லை, குளிர்காய்வதற்கு விறகடுப்பே துணை. முன்கூட்டியே பதிவுசெய்து கட்டணம் செலுத்துவோர் அவ்வீட்டில் இரவு தங்கலாம். நகரத்து இரைச்சலை மறந்து, ஆற்றொலியைக் கேட்டவாறு ஓரிரவைக் கழிக்க விரும்பிச் செல்வோர் பலர். 1910ஆம் ஆண்டில் இவ்வீட்டைக் கட்டியவர் ஜோர்ஜ் கோர்பின் என்னும் மலைவாசி. 1938ஆம் ஆண்டில் அவர் அதனை விட்டு வெளியேற்றப்பட்டார். எனினும் அவர் பெயராலேயே அது இன்றும் 'கோர்பின் மரவீடு' என வழங்கப்படுகின்றது.

கட்டியவருக்கு மறுக்கப்பட்ட வீடு வந்துபோவோருக்கு உறைவிடமாயிற்று. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? மலைக்காட்டினுள்ளே பழைய மரவீடொன்றில் இரவைக் கழித்தல் அரியதோர் இன்பம் எனக் கருதும் மனப்பான்மை எங்கிருந்து தோன்றிற்று? அவ்வின்பத்துக்காகக் கொடுக்கப்பட்ட விலை யாது? அவ்விலையைக் கொடுத்தோர் யாவர்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரக்குற்றி வீடு அமெரிக்க மண்ணிற் பிறந்ததன்று. 1638ஆம் ஆண்டு தொடக்கம் டெலவெயர் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் குடியேறிய சுவீடன், பின்லாந்து மக்களே இக்கட்டட முறையை அங்குக் கொண்டுசென்றனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபாகும். பின்னர் வந்த ஜேர்மானியரும் ஸ்கொத்திய-ஐரிஷ் மக்களும் அதனைக் கைக்கொண்டு அப்பலாச்சிய மலைப்பிரதேசமெங்கும் பரப்பினர். ஆணியும் அறுத்த பலகையும் அரிதாயிருந்த இடங்களில், கோடரியும் மரமும் இருந்தாற் போதும் என்பதே இம்முறையின் சிறப்பு. குற்றிகளின் முனைகளைக் கொத்தி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவர். இடைவெளிகளைக் களிமண்ணாலும் சிறு கற்களாலும் அடைப்பர். ஒரு பக்கச் சுவரோடு சேர்த்துக் கல்லினாற் புகைபோக்கி எழுப்புவர். பாரமான குற்றிகளை ஒருவர் தனித்து நின்று சுவரில் ஏற்றுதல் இயலாது. ஆகவே அயலவர் ஒன்றுகூடி உழைப்பது வழக்கமாயிற்று. மரவீடு தனிமையின் விளைவன்று, கூட்டுழைப்பின் விளைவு. பின்னாளில் மரவீட்டைப் போற்றியோர் பெரும்பாலும் மறந்துவிட்ட உண்மை இதுவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரவீடு அரசியற் சின்னமாக உருப்பெற்றது. 1840ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹரிசன் மரவீட்டில் வாழும் எளியவராக மக்கள்முன் நிறுத்தப்பட்டார். உண்மையில் அவர் வேர்ஜீனியாவின் செல்வம் மிக்க நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஆபிரகாம் லிங்கன் 1809இல் மரவீட்டிற் பிறந்தவரே. ஆயின் அவர் பிறந்த கென்ரக்கி மாநிலத்தில், 1911இல் திறந்துவைக்கப்பட்ட நினைவு மண்டபத்தினுள் பேணப்படும் மரவீடு அவர் பிறந்த வீடன்று. அதன் குற்றிகள் அவர் பிறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னர் வெட்டப்பட்டவை என மரவளைய ஆய்வுகள் காட்டியுள்ளன. சின்னம் வேண்டியோர்க்கு வீட்டின் உண்மை வரலாறு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அரசியல்வாதிகள் எளிமையின் சின்னமாகக் கண்ட சிறுவீட்டை எழுத்தாளர்கள் தனிமையின் சின்னமாகக் கண்டனர். இவ்வகையில் முதன்மை பெறுபவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 தொடக்கம் 1847 வரை வோல்டன் குளக்கரையில் அவர் தம் கையாற் கட்டிய வீட்டில் வாழ்ந்தமை, நகர வாழ்விற் சலிப்புற்ற படித்த வர்க்கத்தினர்க்கு ஓர் இலட்சியமாயிற்று. அவ்வீட்டின் பலகைகள் எங்கிருந்து வந்தன என்பது நோக்கற்பாலது. இருப்புப்பாதையில் வேலைசெய்த ஜேம்ஸ் கொலின்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளியின் குடிசையை 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கிப் பிரித்தே தோரோ பலகைகளைப் பெற்றார். கொலின்ஸ் குடும்பத்தினர் தம் உடைமைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அதிகாலையிற் புறப்பட்டுச் சென்றதையும் அவர் தமது நூலில் மறைக்காது குறித்துள்ளார். வாசகர்களோ தோரோவை நினைவிற் கொண்டனர், கொலின்ஸை மறந்தனர். கொலின்ஸ் தம் குடிசையைத் தாமாகவே விற்றவர். ஷெனண்டோவா மலைமக்கள் பலருக்கு அத்தெரிவும் வாய்க்கவில்லை.

புளூ றிட்ஜ் மலைகளில் ஐரோப்பிய வமிசத்தினர் பதினெட்டாம் நூற்றாண்டிற் குடியேறத் தொடங்கினர். அதற்கு முன்னர் மொனக்கன், மனஹோக் முதலிய ஆதிக்குடிகள் அப்பிரதேசத்தில் வாழ்ந்தனர். ஆகவே மலைமக்களின் காணியுரிமையும் இன்னொரு மக்களின் இழப்பின்மீதே எழுந்தது என்பதை மறத்தலாகாது. குடியேறியோர் பள்ளத்தாக்குகளிற் சோளம் பயிரிட்டனர். அப்பிள் தோட்டங்களை அமைத்தனர். மாடும் பன்றியும் வளர்த்தனர். அவர்தம் வாழ்வில் செஸ்நட் மரம் பெற்ற இடம் பெரிது. அதன் கொட்டை மனிதர்க்கு உணவாகவும் பன்றிக்குத் தீனியாகவும் சந்தையில் விற்கும் பண்டமாகவும் பயன்பட்டது. அதன் பட்டை தோல் பதனிடுவதற்கும், அதன் மரம் வீட்டுக்கும் வேலிக்கும் உதவின. 1904இல் நியூயோர்க்கில் அவதானிக்கப்பட்ட பங்கசு நோயொன்று சில பத்தாண்டுகளுள் அம்மரங்களை அடியோடு அழித்தது. தொடர்ந்து 1930இல் வந்த கடும் வறட்சியும் உலகப் பொருளாதார மந்தமும் மலைமக்களின் வாழ்வை மேலும் நலிவுறச் செய்தன.

இம்மக்கள் வெளியுலகத் தொடர்பற்றோராய் இருந்தனர் என்பது தவறான கருத்தாகும். மலைமுகட்டிலே ஜோர்ஜ் பிறீமன் பொலொக் என்பவர் நடத்திய ஸ்கைலான்ட் என்னும் உல்லாச விடுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலந்தொட்டு நகரத்துச் செல்வர்களை ஈர்த்துவந்தது. அதன் அடிவாரத்திலிருந்த கோர்பின் பள்ளத்தாக்கு மக்கள் அவ்விடுதியில் வேலைசெய்தும், கூடைகளும் காட்டுப் பழங்களும் விற்றும் சீவித்தனர். இப்பள்ளத்தாக்கு, ஜோர்ஜ் கோர்பினின் வீடு நின்ற நிக்கல்சன் பள்ளத்தாக்கிலிருந்து வேறானது. பொருளாதார மந்தத்தால் விடுதியின் வருவாய் குன்றியபோது முதலில் வறுமையுற்றோர் அதனை நம்பி வாழ்ந்த கோர்பின் பள்ளத்தாக்கினரே. அவர்தம் வறுமை தனிமையால் விளைந்ததன்று. சந்தையோடு கொண்ட தொடர்பினால் விளைந்தது எனலாம்.

இந்நிலையிலேயே தேசியப் பூங்காத் திட்டம் உருவாயிற்று. நாட்டின் பெரிய தேசியப் பூங்காக்கள் மேற்குப் பகுதியில் இருந்தன. பெருநகரங்களோ கிழக்குப் பகுதியில் இருந்தன. வாஷிங்டன் நகரிலிருந்து சில மணிநேரத்தில் மோட்டார் வண்டியிற் சென்றடையக்கூடிய மலைப் பூங்காவொன்று வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றது. பொலொக்கும் அதன் முன்னணி ஆதரவாளருள் ஒருவர். பூங்காவினால் மாநிலத்துக்கு உல்லாசப் பிரயாணிகளின் வருவாய் கிட்டும் என அரசியல்வாதிகளும் வணிகரும் எதிர்பார்த்தனர். 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்கு அங்கீகாரம் அளித்தது. ஆயினும் காணி வாங்குவதற்குக் கூட்டரசு பணம் வழங்கவில்லை. காணிகளைப் பெற்றுக் கையளிக்கும் பொறுப்பு வேர்ஜீனியா மாநிலத்தின்மீது சுமத்தப்பட்டது.

பலநூறு பேர்க்குச் சொந்தமான காணிகளைத் தனித்தனியே பேரம்பேசி வாங்குதல் கடினம் எனக் கண்ட மாநில அரசு, 1928இல் பொதுப் பூங்காக் காணிச் சுவீகரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இதன்படி உரிமையாளர் இணங்கினும் இணங்காவிடினும் மதிப்பீட்டுத் தொகையைச் செலுத்திக் காணியைச் சுவீகரிக்க முடிந்தது. உறுதி வைத்திருந்தோர் நட்டஈடு பெற்றனர். தலைமுறை தலைமுறையாகப் பிறர் காணியிற் குடியிருந்து உழைத்தோர்க்கு அதுவும் கிட்டவில்லை. றொபேட் வயா என்னும் காணியுரிமையாளர் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடினார். வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை சென்று 1935இல் அவருக்குப் பாதகமாக முடிந்தது. இதற்கிடையில், மக்கள் முற்றாக அகன்ற பின்னரே காணியைப் பொறுப்பேற்போம் எனக் கூட்டரசு 1934இல் அறிவித்தது. காணி விற்பனையோடு முடிந்திருக்கவேண்டிய விடயம் குடியகற்றமாக மாறியது இவ்வாறே.

இவ்வளவு பெரிய செயலுக்கு மக்களாட்சி நாடொன்றிற் பெரும் எதிர்ப்பு எழாமைக்குக் காரணம் யாது? அகற்றப்படுவோர் நாகரிகம் அறியாதோர் என்ற கருத்துப் பரப்பப்பட்டமை முக்கிய காரணமாகும். 1933இல் மண்டெல் ஷெர்மன், தோமஸ் ஹென்றி ஆகிய இருவர் எழுதி வெளியிட்ட 'பள்ளத்தாக்கு மக்கள்' என்னும் பொருள்படும் நூல், இம்மலைவாசிகளை உலக ஓட்டத்திலிருந்து விடுபட்டுத் தேங்கிநின்ற சமூகமாகச் சித்திரித்தது. மந்தத்தாற் பாதிக்கப்பட்ட மிக வறிய குடும்பங்களிற் கண்டவை மலைமக்கள் அனைவர்க்கும் உரிய இயல்புகளாகப் பொதுமைப்படுத்தப்பட்டன. அதே மாநிலம் 1924இல், அறிவு குறைந்தோர் என முத்திரை குத்தப்பட்டோர்க்குக் கட்டாய மலடாக்கற் சட்டம் இயற்றியது என்பதையும், 1927இல் அதியுயர் நீதிமன்றம் அதனைச் சரியெனத் தீர்த்தது என்பதையும் சேர்த்து நோக்கினால், 'பின்தங்கியோர்' என்ற சொல் அன்று எத்துணை வலிமை பெற்றிருந்தது என்பது புலனாகும். இடப்பெயர்ச்சி இம்மக்களின் நன்மைக்கே எனப் பத்திரிகை படித்த நகரத்தார் நம்பினர்.

1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பூங்கா முறைப்படி நிறுவப்பட்டது. 1936 யூலை 3ஆந் திகதி சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் அதனை மக்களுக்கு அர்ப்பணித்தார். அவ்விழா நடந்த வேளையிலும் பல குடும்பங்கள் மலையிலேயே இருந்தன. 1930களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. பெரும்பாலோர் எதிர்ப்பின்றிச் சென்றனர். சிலர் அடிவாரத்தில் அரசு அமைத்த குடியேற்றத் திட்டங்களில் வீடு பெற்றனர். மெலங்தன் கிளைசர் என்பவரோ வெளியேற மறுத்தமையால் 1935இற் கைவிலங்கிடப்பட்டு அகற்றப்பட்டார். முதியோர் சிலருக்கு மட்டும் ஆயுட்காலம்வரை தங்கியிருக்க அனுமதி கிடைத்தது. அவருள் இறுதியானவரான அனி ஷெங்க் என்ற மூதாட்டி 1979இல் தமது 92ஆவது வயதிற் காலமானார். அவரோடு அம்மலையின் குடிவாழ்வு முற்றுப்பெற்றது.

வெளியேறக் காத்திருந்த ஆண்டுகளில் மலைமக்கள் பூங்கா அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுட் சில 2009இல் நூலாகவும் வெளிவந்தன. தமது மரத்து அப்பிளைப் பறிப்பதற்கும், வெறுமையாய்க் கிடந்த அயல்வீட்டின் பலகைகளையும் யன்னல்களையும் புதிய வீடு கட்டுவதற்கு எடுத்துச் செல்வதற்கும் அனுமதி வேண்டியவை அவற்றுட் பல. தமது சொந்தப் பொருளுக்கே விண்ணப்பம் எழுதும் நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். எழுத்தறிவற்றோர் எனப்பட்ட மக்கள் தம் உரிமைகளை முறையாக எழுதிக் கேட்டனர் என்பதே 'பள்ளத்தாக்கு மக்கள்' நூலின் கூற்றுகளுக்குத் தக்க மறுப்பாகும்.

மக்கள் அகன்றபின் வீடுகளுக்கு நேர்ந்தது யாது? வேலையற்ற இளைஞர்க்காக ரூஸ்வெல்ற் 1933இல் உருவாக்கிய இயற்கைவளப் பேணற் படையினர் மாதம் 30 டொலர் ஊதியத்துக்கு இம்மலையில் வேலைசெய்தனர். அதில் 25 டொலர் அவர்தம் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் பாதை வெட்டினர்; மரம் நாட்டினர்; மலையைக் காடாகத் தோன்றச்செய்யும் பொருட்டுப் பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் உல்லாசப் பிரயாணிகளுக்கெனப் பழமைத் தோற்றம் கொண்ட புதிய கட்டடங்களும் எழுந்தன. 1939இற் கட்டப்பட்ட 'பிக் மெடோஸ்' விடுதியின் உட்புறம் செஸ்நட் மரத்தால் அழகுசெய்யப்பட்டது. மலைமக்களை வாழ்வித்த மரம் விடுதியின் சுவருக்கு அணியாயிற்று. உண்மையான பழைய வீடுகள் அழிய, பழமைபோலத் தோற்றும் புதிய வீடுகள் பெருகின. அங்கே தங்கும் உரிமையும் யாவர்க்கும் சமமாக இருக்கவில்லை. கறுப்பின மக்களுக்கென லூயிஸ் மலையில் 1939இல் தனியிடம் ஒதுக்கப்பட்டது; 1950 அளவிலேயே இப்பாகுபாடு நீங்கியது.

கோர்பின் மரவீடு இவ்வழிவிலிருந்து தப்பிய மிகச் சிலவற்றுள் ஒன்றாகும். 1927இல் வாஷிங்டனில் நிறுவப்பட்ட பொற்றோமக் அப்பலாச்சியன் பாதைக் கழகம் என்னும் மலைநடையாளர் சங்கம், 1950களில் அதனைத் திருத்தியமைத்து நடையாளர் தங்கும் இல்லமாக்கியது. அதன் வரலாற்று மதிப்பை ஏற்று 1989இல் தேசிய வரலாற்றிடங்களின் பதிவேட்டிலும் அது சேர்க்கப்பட்டது. அரசினால் வெளியேற்றப்பட்ட ஒருவரின் வீட்டை, அகற்றல் முடிந்து அரைநூற்றாண்டு கழிந்தபின் அதே அரசு பேணத்தக்க மரபுச்செல்வமாக அறிவித்தது. அக்கழகத்தினரின் உழைப்பு இன்றேல் இன்று இவ்வீடும் இல்லை; கோர்பினின் பெயரும் இல்லை. இதனை நன்றியோடு குறிப்பிடல் வேண்டும்.

1990களில் நிக்கல்சன், கோர்பின், வீக்லி ஆகிய மூன்று பள்ளத்தாக்குகளிலும் ஓட்றி ஹோர்னிங் என்னும் தொல்லியலாளர் கள ஆய்வு நடத்தினார். இடிந்த வீட்டுத்தளங்களிடையே அவர் கண்டெடுத்தவை பீங்கான் கலங்கள், மருந்துப் போத்தல்கள், இசைத்தட்டுத் துண்டுகள், விளையாட்டுப் பொருட்கள், மோட்டார் வண்டிப் பாகங்கள் முதலியன. காலத்தின் போக்கை அறியாதோர் எனப்பட்ட மக்கள், நாட்டின் ஏனைய கிராமத்தவரைப் போன்றே கடைப் பொருட்களையும் வாங்கி வாழ்ந்தனர் என்பது இதனால் நிறுவப்பட்டது. நூல் மறைத்ததை மண் காட்டிக்கொடுத்தது.

இவற்றைக் கூறுவதனால் பூங்காவை வெறும் அநீதியின் சின்னமாகக் காட்டுவது நோக்கமன்று. மலைவாழ்வு இன்பமயமானதாக இருந்தது எனப் புனைவதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. செஸ்நட் அழிந்து, பல இடங்களில் மண்ணும் வளங்குன்றிய நிலையிற் சிலர் விரும்பியே காணியை விற்றுச் சென்றனர். பூங்கா நிறுவப்பட்டதனால் வெட்டுண்ட காடுகள் மீண்டும் தழைத்தன; கரடியும் மானும் பெருகின; செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த மலையின் அழகு பொதுமக்களுக்கும் உரியதாயிற்று. இவை மெய்யான நன்மைகள். ஆயின் அந்நன்மைகளைப் பெற்றோர் பலர். விலையைக் கொடுத்தோர் சிலர். அச்சிலரின் சம்மதம் கேட்கப்படவில்லை என்பதும், அவர்தம் பெயர் அவர்கள் வாழாத வாழ்க்கையைக் கூறி இழிவுபடுத்தப்பட்டது என்பதுமே வரலாறு முன்வைக்கும் குற்றச்சாட்டுகளாகும்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், மனிதன் வந்துசெல்பவனாக மட்டுமே இருக்கும் இடத்தை வனாந்தரம் என வரையறுக்கின்றது. 1976இல் ஷெனண்டோவாப் பூங்காவின் ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலம் இவ்வகையில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்கு முன்னர் மனிதர் பிறந்தும் உழுதும் இறந்தும் வாழ்ந்த மலை, சட்டத்தின் கண்ணில் மனிதர் தங்காத நிலமாயிற்று. ஆயினும் பூங்காவினுள் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்ப இடுகாடுகள் உள்ளன. காட்டினிடையே தனித்து நிற்கும் கற்புகைபோக்கிகளையும் கைவிடப்பட்ட அப்பிள் மரங்களையும் காணலாம். அண்மைக் காலத்தில், அகற்றப்பட்டோரின் சந்ததியினரும் அவர்க்குத் துணைநின்றோரும் பூங்காவைச் சூழ்ந்த மாவட்டங்களிற் புகைபோக்கி வடிவிலான நினைவுச்சின்னங்களை எழுப்பி, அவற்றிற் குடும்பப் பெயர்களைப் பொறித்துள்ளனர். வீடு அழிந்தபின் எஞ்சுவது புகைபோக்கியே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பழைய மரவீட்டில் தங்குதல் தவறன்று. அதனை எவ்வாறு தங்குமிடமாகக் கொள்கின்றோம் என்பதே கேள்வி. கோர்பின் வீட்டின் அமைதியை இயற்கையின் கொடையாக மட்டும் கருதுவோர், அவ்வமைதி அயல்வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டதனாலும் விளைந்தது என்பதை அறியாது திரும்புவர். அதன் குற்றிகளை அடுக்கிய கைகளையும், 1938இல் அதன் கதவைச் சாத்திச் சென்றவரையும் அறிந்து தங்குவோர் வரலாற்றின் ஒரு பகுதியை ஏற்றுச் செல்வர். வீட்டைப் பேணிக்கொண்டு அதில் வாழ்ந்தோரை மறக்கும் மரபுப் பாதுகாப்பு பாதி வேலையே. மற்றைய பாதி, அவர்தம் வரலாற்றைத் திரிபின்றி எழுதுவதன் வாயிலாகவே நிறைவெய்தும்.